மருந்து பட்ட பல்

கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் என்பது மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு வருகிற மிச்சம்தான். மேட்டூரைத் திறந்தாயிற்று என்று ரேடியோவில் சொல்லி ஒன்றரை மாதம் கழித்துத்தான் அந்த வருஷம் கோட்டுச்சேரிக்குக் கிழக்கே வாய்க்கால்களில் ஈரம் தெரிந்தது. வந்த தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று எவனுக்கும் தெரியாது. அதனால் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் நடவு. பண்ணைக்காரர்கள் விடிவதற்கு முன்பே தெருவுக்குள் வந்து நின்று ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மற்ற மாதங்களில் அந்தத் தெருவில் யார் பெயரும் அவர்களுக்கு நினைவிருக்காது.

அல்லி தன் நாத்தனார் காசியம்மாவின் கூட்டத்தோடு நடவுக்குப் போகிறவள். பதினாலு பெண்கள், ஒரே வரிசை. நாற்று முடியைப் பிரித்து இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை சேற்றில் குத்தக் குத்தப் பின்பக்கமாகவே நகர வேண்டும். ஒருத்தி நிமிர்ந்தால் வரிசை கோணும், பிந்தினால் மற்றவர்கள் காத்து நிற்க வேண்டும். அடிக்கடி பிந்துகிறவளை மறுநாள் கூப்பிட மாட்டார்கள்.

இவர்களுடைய கைப்பிள்ளைகள் வரப்போரத்துப் புங்கமரத்தில் புடவைத் தூளியில் கிடக்கும். அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுக்க நினைத்தபோதெல்லாம் கரையேற முடியுமா? அதற்காகத்தான் சீனி முடிச்சு. பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, அதில் ஒரு சிட்டிகை சீனி வைத்து, இறுக்க முடிந்து, தண்ணீரில் நனைத்து வாயில் கொடுத்துவிட்டால் பிள்ளை சப்பிக்கொண்டே கிடக்கும், தூங்கிப்போகும். கரைந்து தீர்ந்தால் மரத்தடியில் இருக்கிற பெரிய பிள்ளை ஒன்று மறுபடி முடிந்து கொடுக்கும். அவர்களுடைய தாய்மார் காலத்தில் வெல்லம், ரேஷன் கடை வந்த பிறகு சீனி. அந்தத் தெருவில் முடிச்சுச் சப்பாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது.

அல்லியின் மூத்தவன் செல்லையன் மூன்று வயதுவரை சப்பினான். ஐந்து வயதில் செத்துப்போனான்.

எழுபத்தேழாம் வருஷப் புயலுக்குப் பத்து நாள் முன்னால் அவனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலித்தது. வெகுநாளாகவே கறுத்துச் சொத்தையாகக் கிடந்த பல். கிராம்பை நசுக்கி வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தாள், அடங்கிப்போயிற்று என்று நினைத்தாள். புயல் அடித்து, கூரை போய், வீடெல்லாம் சேறான நாளில் அவன் தாடை வீங்கியது. மறுநாள் கழுத்து. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். புயல் நிவாரணத்துக்கு வந்திருந்த வெளியூர் டாக்டர் ஒருவர் பையனின் வாயைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் அல்லியைப் பார்த்து, "பத்து நாளைக்கு முன்னாடி அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தா புள்ளை பிழைச்சிருக்கும்" என்றார். ஏழெட்டு ஊர் நோயாளிகளைப் பார்த்துக் களைத்திருந்த மனிதர், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அல்லிக்கு அந்த ஒரு வாக்கியத்தோடு இரண்டு வருஷம் போயிற்று.

இரண்டு வருஷமும் காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் வேலை இளையவள் அமுதத்தை வாசலுக்கு இழுத்துவந்து வெயில் பக்கம் திருப்பி வாயைத் திறக்கச் சொல்வதுதான். அமுதத்துக்கு நாலு வயது. இந்த வயதிலும் சீனி முடிச்சை விடவில்லை. அண்ணன் போன பிறகு அவள் கேட்டதை இல்லை என்று சொல்ல அல்லிக்கு மனம் வரவில்லை. செல்லையனின் சாவுக்கும் அந்த முடிச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நடவு தொடங்கிய நாலாம் நாள் காலை, மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. செங்கல் பொடியை விரலில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மற்ற இடத்தில் பல் பளபளவென்று இருக்க, அந்தக் கோடு மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல மங்கிக் கிடந்தது. கடலோர வயலில் கோடையில் உவர் பூத்து வெளுத்திருக்குமே, அந்த வெளுப்பு.

வயலில் நட்டுக்கொண்டே காசியம்மாவிடம் சொன்னாள். கணவனை இழந்து தனியாக நின்ற காசியம்மா தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் இருந்தாள். வாய் நீளம், மனசு அத்தனை மோசமில்லை.

"பால்பல்லுதானடி. விழுந்தா சாணியில உருட்டிக் கூரையில எறியப் போறோம். இதுக்குப் போயி நடவ விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு அலையணுமா?"

"செல்லையனுக்கும் பால்பல்லுதான் அண்ணி."

காசியம்மாவின் கை வேகமாகக் குத்திக்கொண்டு போயிற்று.

அல்லியின் புருஷன் மருதையன் சண்டை போடுகிறவனில்லை. அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொல் 'சரிங்க'. பண்ணையார் சொன்னாலும் சரிங்க, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் பியூன் சொன்னாலும் சரிங்க, பஸ்ஸில் கண்டக்டர் தள்ளி நில்லு என்றாலும் சரிங்க. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எதிரில் வாயைத் திறந்துவிட்டால் அவனுக்குக் காது அடைத்துப்போகும். அவர் எப்போது நிறுத்துவார் என்று முகத்தைப் பார்த்தபடி நிற்பான், நிறுத்தியதும் சரிங்க என்பான். அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, அந்தத் தெரு ஆண்கள் அத்தனை பேருக்கும் அவர்கள் அப்பன்மார் கற்றுக்கொடுத்த முதல் மரியாதை அதுதான். திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்று அர்த்தமாகிவிடும்.

நடவு முடியட்டுமே என்று அவன் இழுத்துப் பார்த்தான். அல்லி விடவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் காரைக்காலுக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டரிடம் பேச ஆம்பளை ஒருத்தர் வேண்டும் என்று மருதையனை அழைத்துக்கொண்டு போனதே அவள்தான். பிற்பாடு இதை நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியின் கோடி அறையில் பல் டாக்டர் சிதம்பரநாதன் செவ்வாயும் வெள்ளியும் பார்த்தார். பிரெஞ்சுக்காரன் காலத்து இரும்பு நாற்காலி, மிதித்துச் சுற்றுகிற ஒரு மெஷின், ஜன்னலோரம் பீங்கான் தொட்டி. நர்ஸ் இருதயமேரி வரிசையில் நின்றவர்களை அதட்டியபடியே குழந்தைகளின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அமுதத்தின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பஞ்சால் பல்லைத் துடைத்து ஊதிவிட்டு மறுபடி பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, இனிப்பு எதையாவது வாயிலேயே வைத்திருப்பாளா என்பது. அல்லி முடிச்சைப் பற்றிச் சொன்னாள். அவர் திட்டாமல்தான் பேசினார்.

"சீனித் தண்ணி பல்லு மேலயே நின்னுக்கிட்டு இருந்தா, பல்லோட மேல்தோல்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு போயிரும்மா. கரைஞ்ச இடம்தான் இப்படி வெளுத்துத் தெரியுது. இன்னும் ஓட்டை விழல. நல்ல நேரத்துல கொண்டாந்துட்டீங்க."

"பிடுங்கணுங்களா அய்யா?"

"வேண்டாம். மெஷினும் வேண்டாம். ஃப்ளோரைடுன்னு ஒரு மருந்து இருக்கு, அதைத் தடவுறோம். எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து திரும்பப் போய் அந்த இடத்துல ஒட்டிக்கும். மருந்து அதைக் கெட்டிப்படுத்தும். முடிச்சை மட்டும் இன்னையோட விட்டுரணும்."

போனது திரும்ப வரும் என்று ஒரு டாக்டர் வாயால் அல்லி கேட்டது அதுதான் முதல் தடவை. உவர் பூத்த வயலில் ஆற்றுத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி உப்பை வடித்துவிட்டால் மறுபடி பயிர் பிடிக்கும். அதுபோல என்று அவளாகவே புரிந்துகொண்டாள். நல்ல நேரத்தில் கொண்டுவந்துவிட்டோம் என்ற வார்த்தையை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த மருந்தைக் கரைத்து வைத்தால் கெட்டுவிடும், அப்போதைக்கப்போது கலக்க வேண்டும். இன்னும் இரண்டு குழந்தைகள் சேரும்வரை காத்திருந்து இருதயமேரி பொடியைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். அமுதத்தின் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சுச் சுருள்களைச் செருகி, பல் காயக்கூடாது என்று நாலு நிமிஷம் விடாமல் தடவிக்கொண்டே இருந்தாள். துருப்பிடித்த ஆணியைச் சப்பினது போல இருக்கும் என்று அவளே சொன்னாள். குழந்தை ஓங்கரித்தது, உதைத்தது, அலறியது. அல்லி நாற்காலிக்குப் பின்னால் நின்று அதன் தலையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வாசற்படிக்குப் போய் மருதையனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விரலால் தன் பல்லைத் தொட்டுக் காட்டியபடி கொஞ்ச நேரம் சொன்னார். பிள்ளையின் கத்தலில் அல்லிக்கு ஒன்றும் கேட்கவில்லை. மருதையன் 'சரிங்க' என்றது மட்டும் நாலைந்து தடவை கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் என்ன சொன்னார் என்று கேட்டாள். இனிப்புக் கொடுக்கக் கூடாதாம், வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளணுமாம், ஒரு மாசம் கழித்து வரணுமாம் என்றான். தண்ணீர் ஏறுகிறதோ வடிகிறதோ என்று அவன் கண் ஜன்னல் வழியே வாய்க்காலிலேயே இருந்தது.

முடிச்சை நிறுத்துவது லேசாக இல்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் சப்பிக்கொண்டிருக்க, அமுதம் மட்டும் மரத்தடியில் புரண்டு அழுதாள். அல்லி ஒரு பொழுதுக்கு மூன்று தரம் கரையேறினாள். வரிசையில் அவள் இடம் பள்ளமாகப் பிந்திக் கிடந்தது. பெண்கள் முணுமுணுத்தார்கள். உலகத்தில் இல்லாத பல்லை இவள் பெற்றுவிட்டாளாம் என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். காசியம்மா தன் வரிசையோடு அல்லியின் வரிசையையும் சேர்த்து இரண்டு கை அகலத்துக்கு நட்டுக்கொண்டு போனாள். ஆறேழு நாளில் பிள்ளை அழுகையை விட்டது. வறுத்த அரிசியைக் கையில் கொடுத்தால் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பத்தாம் நாள் அந்த வெள்ளைக் கோடு பழுப்பாக மாறியிருந்தது.

அல்லி முதலில் வறுத்த அரிசியின் கறை என்று நினைத்தாள். உப்பைத் தொட்டுத் தேய்த்தாள். செங்கல் பொடி வேண்டாம் என்று இருதயமேரி சொல்லி அனுப்பியிருந்தாள், அதனால் உமிக்கரியை மாவாகச் சலித்துத் தேய்த்தாள். பிள்ளை ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். தேய்க்கத் தேய்க்கப் பழுப்பு அழுத்தமாயிற்று. மூன்றாம் வாரம் சனிக்கிழமை மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டு வாயைத் துடைக்கும்போது பார்த்தாள். நான்கு பல்லிலும் ஈறை ஒட்டிக் கறுப்புக் கோடு.

காசியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். காசியம்மா குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தப் பயலுக்கும் இப்புடித்தாண்டி கறுத்துச்சு" என்றாள்.

நாற்றங்காலிலிருந்து வந்த மருதையன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். அல்லி அவன் எதிரில் போய் நின்றாள்.

"பல்லு கறுத்துப் போச்சுங்க. அன்னைக்கி டாக்டரு ஒங்ககிட்ட இதப்பத்தி எதாச்சும் சொன்னாரா?"

அவன் யோசித்தான். யோசித்ததாக முகத்தை வைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் சொல்லலியே. வாய சுத்தமா வச்சுக்கச் சொன்னாரு."

"நல்லா நெனச்சுப் பாருங்க."

"சொல்லலங்கிறேன்ல."

வயலுக்குத் தண்ணீர் ஏறாத எரிச்சலில் அவன் குரல் உயர்ந்தது. அவன் குரல் உயர்வது அபூர்வம் என்பதால் அல்லி அதை அப்படியே நம்பினாள்.

டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமை. நடுவில் மூன்று நாள். பத்து நாளைக்கு முன்னாடி பிடுங்கியிருந்தால் என்ற வாக்கியம் அவள் தலைக்குள் கிடந்து அடித்தது. ஒரு பிள்ளையைத் தாமதித்துக் கொன்றாயிற்று. இன்னொன்றையும் மருந்து, மாயம் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. எல்லாரையும் எதிர்த்துக்கொண்டு, நடவைக் கெடுத்துக்கொண்டு, தானே இழுத்துப் போய்த் தடவி வந்த மருந்து இப்படிப் பண்ணிவிட்டதே என்ற அவமானமும் சேர்ந்துகொண்டது. நாளைக்கே பிடுங்கிவிடலாம் என்றாள். மருதையன் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாட்டுக் கடைகளுக்கும் மண்சட்டிக் கடைக்கும் நடுவில் உத்திராபதி சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பான். எதிரே சிவப்புத் துணியில் இத்தனை வருஷமாகப் பிடுங்கிய பற்களைக் குவித்து வைத்திருப்பான், அதுதான் அவன் விளம்பரப் பலகை. அவன் கெட்டவனில்லை, வலியோடு வருகிற கூலிக்காரர்களுக்கு வேலை கெடாமல் பிடுங்கி அனுப்புகிறவன். அவன் பார்த்ததெல்லாம் ஆடிக்கொண்டிருக்கிற பற்கள்.

மருதையன் பிள்ளையை மடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான். அல்லி தலையைப் பிடித்தாள். உத்திராபதி குறட்டைச் சிவப்புத் துணியிலேயே துடைத்துக்கொண்டு முதல் பல்லைப் பிடித்து அசைத்தான். கை நின்றது.

"என்னம்மா, சொத்தைன்ன. கெட்டியா இருக்கே."

"கறுத்திருக்குல்ல. எடுத்துருங்க" என்றாள் அல்லி.

அவன் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, பெற்றவள் சொன்ன பிறகு நமக்கென்ன என்று வேலையைத் தொடங்கினான். மூன்று பல் வேரோடு வந்தது. நாலாவது வர மறுத்தது. அவன் திருகினான். ஒடிந்து மேல்பாதி கையோடு வந்தது, வேர் உள்ளேயே தங்கிவிட்டது. அது தானாகக் கரைந்துவிடும் என்றான். அமுதம் அதற்குமேல் கத்தச் சக்தியில்லாமல் விக்கிக்கொண்டிருந்தாள். கருவாட்டுக்காரப் பெண் ஒருத்தி எழுந்துவந்து தன் செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "நாலு வயசுப் புள்ளைய இப்புடிப் பண்றியளே" என்று போனாள். அல்லி மூன்றரைப் பல்லையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தானாக விழுந்த பல்லாக இருந்தால் கூரையில் எறியலாம், இதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேலுதடு தடித்தது. புதன்கிழமை கன்னம் பளபளவென்று வீங்கியது. வியாழக்கிழமை காலையில் ஒரு கண் மூடிவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. அல்லி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். முதல் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை. காரைக்கால்வரை வெயிலில் நடந்தே போனாள். பின்னால் மருதையன் ஓட்டமும் நடையுமாக வந்தான். நான் தூக்குறேன் என்று இரண்டு தரம் கையை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. தோளில் பட்ட சூடு செல்லையனின் சூடாகவே இருந்தது. இதுவும் போகத்தான் போகிறது, நான்தான் கொன்றேன் என்று அவள் தீர்மானமாகவே நினைத்தாள்.

இருதயமேரி பார்த்த மாத்திரத்தில் படுக்கையில் போட்டு ஊசி போட்டாள். ஆளனுப்பி டாக்டரை அன்றைக்கே வரவழைத்தார்கள். ஒடிந்த வேரை எடுத்து, ஈறைக் கீறிச் சீழை வடித்தார். ஆறு மணி நேரத்துக்கொரு தரம் ஊசி. நாலாம் நாள்தான் கண் திறந்தது. அதுவரை அல்லி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். காசியம்மா தினமும் கஞ்சித் தூக்கோடு வந்து, அவளைக் குடிக்க வைக்கப் பார்த்துவிட்டு, சண்டை போட்டுவிட்டு, தூக்கை வைத்துவிட்டுப் போனாள்.

பிள்ளை தேறிவிடும் என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் கேட்டார். எதற்காகப் பிடுங்கினீர்கள் என்றார். அல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் மேஜைமேல் கொட்டினாள்.

"மருந்து தடவுன பெறகு கறுத்துப் போச்சுங்க. அண்ணனுக்கு வந்த கறுப்பு."

சிதம்பரநாதன் ஒரு பல்லை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பார்த்தார். ஊசிமுனைக் கம்பியை எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினார். முனை உள்ளே இறங்கவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி வைத்துத் தட்டினார். கண்ணாடியில் தட்டியதுபோலச் சத்தம் வந்தது. கம்பியை அல்லியிடம் கொடுத்தார். அவளும் குத்திப் பார்த்தாள். இறங்கவில்லை.

"சொத்தைன்னா மெழுகுல இறங்குற மாதிரி இறங்கணும்மா. இது இறுகிடுச்சு. இந்த மருந்து பட்டா, பழுதான இடம் கெட்டிப்படுறப்போ கறுத்துத்தான் போகும். கறுத்துச்சுன்னா மருந்து பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரர்கிட்ட விவரமாச் சொன்னேனே. கறுக்கும், பயந்துராதீங்க, வீட்டுல சொல்லிருங்கன்னு. சரிங்கன்னாரே."

அல்லி திரும்பினாள். மருதையன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிழிந்துகொண்டிருந்தான்.

"சொன்னாருதான்" என்றான். சத்தமே வரவில்லை. "என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான்... காதுல வாங்கல புள்ள."

அல்லி அவனைத் திட்டுவாள் என்று இருதயமேரி எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. கம்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளையின் வாயில் அது நன்றாக இருந்தது. தான் ஆறேழு நாள் அழவைத்து முடிச்சை மறக்கடித்தது, காசியம்மா இரண்டு வரிசை நட்டது, எல்லாம் பலித்து இறுகி நின்ற பல். அதைத்தான் குறடு வைத்து ஒடிக்கச் சொன்னாள். உத்திராபதிகூடக் கெட்டியாக இருக்கிறதே என்று கேட்டான். அவள் அழுத அழுகையில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் மருந்துச் சீட்டோடு வந்து வழக்கம்போல மருதையனைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அவனும் வழக்கம்போல வாயைத் திறந்தான். அல்லி நடுவில் வந்து நின்றாள்.

"அவருட்டச் சொல்லாதீங்க அய்யா. எங்கிட்டச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க."

அவர் அவளிடமே சொன்னார். உப்புத் தண்ணீர், மாத்திரை, மற்றப் பற்களுக்கு மறுபடி மருந்து, மறுபடி கறுக்கும். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அந்த எடத்துல புதுப் பல்லு மொளைக்குங்களா?"

"உள்ள இருக்கிற முளை வரைக்கும் சீழ் போயிருக்கு. ரெண்டு வந்துரும்னு நினைக்கிறேன். மத்த ரெண்டு வருமா வராதான்னு தெரியாதும்மா. ஏழு வயசுலதான் தெரியும்."

"ரெண்டு வந்துரும்னு நெனக்கிறீங்க. மத்த ரெண்டு தெரியாது. ஏழு வயசுலதான் தெரியும்" என்றாள் அல்லி.

வீட்டுக்கு வந்தபோது தெருவில் யாரும் இல்லை. எல்லாரும் களை பறிக்கப் போயிருந்தார்கள். காசியம்மா மட்டும் வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள். அமுதம் இடுப்பிலிருந்து இறங்கியதும் அல்லியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முன்பல் இல்லாத வாயில் வார்த்தை காற்றாக வந்தது.

"பல்லக் கூரையில எறியணும்ல. அத்த சொன்னுச்சு."

காசியம்மா போய்ச் சாணி எடுத்துவந்தாள். மூன்றரைப் பல்லையும் உருண்டையில் வைத்து மூடி, பிள்ளை கையில் கொடுத்தாள். அமுதம் எறிந்தாள். உருண்டை கீற்றில் பட்டு உருண்டு அவள் காலடியிலேயே வந்து விழுந்தது. மருதையன் அவளைத் தூக்கிப் பிடித்தான். இரண்டாவது தடவை நின்றது.

"அப்பா, மொளைச்சிருமா?" என்று கேட்டாள் பிள்ளை.

மருதையன் சரி என்று தலையாட்டப் போனான். காசியம்மாவும் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தாள்.

"ரெண்டு வந்துரும்னு டாக்டரு நெனக்கிறாரு. மத்த ரெண்டு வருமா வராதான்னு தெரியாதுன்னாரு. ஏழு வயசுலதான் தெரியும்" என்றாள் அல்லி. நாலு வயதுப் பிள்ளையின் எதிரில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "என்ன சொன்னேன், நீ சொல்லு" என்றாள்.